தளவாயின் முகத்தில் ஊர் குடியேறிய கதை

நம்புகிறவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், நம்பாதவர்கள் பின்னால் போய் நின்றுகொள்ளுங்கள், எங்கே இருந்தாலும் காதில் விழத்தான் செய்யும், ஏனென்றால் இது ஒரு மைக்செட்டுக்காரரின் கதை. செங்காட்டுப்பேட்டை என்றொரு ஊர், குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரப்போகிறது என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்லப்பட்டு, குழாய் மட்டும் வந்து துருப்பிடித்துப் போன ஊர். அந்த ஊரில் கல்யாணமோ, கோயில் கொடைத் திருவிழாவோ, சாவோ, சடங்கோ, எது நடந்தாலும் முதல்நாளே வேப்பமரத்தில் குழாய் ரேடியோவைக் கட்டி, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று தொடங்கி, அரைமணி நேரம் நாட்டு நடப்பைப் பேசி முடித்த பிறகே பாட்டுப் போடுகிற ஒரு மனிதர் இருந்தார். அவர் பெயர் தளவாய். முறுக்கு மீசை, தோளில் துண்டு, தொண்டையில் ஊரையே தூக்கி நிறுத்துகிற சத்தம்.

தளவாய் தன் வாழ்நாளில் எதிர்க்காதது எதுவும் இல்லை. பேருந்து நிலையத்தை இடம் மாற்றுவதை எதிர்த்தார், மாற்றினார்கள். மின்கட்டண உயர்வை எதிர்த்தார், உயர்ந்தது. நாற்கரச் சாலையை எதிர்த்து அது வருகிற வழியிலேயே மேடை போட்டுப் பேசினார், அந்த மேடையைச் சுற்றிக்கொண்டு சாலை போயிற்று. அவர் எதிர்த்துப் பேசிய எதுவும் வராமல் போனதில்லை என்பதால், வடக்குத் தெருக்காரர்கள் ஒருதடவை அவரிடமே வந்து, "அண்ணாச்சி, எங்க தெருவுக்குத் தெருவிளக்கு வேணும், கொஞ்சம் எதுத்துப் பேசும்" என்று கேட்டுக்கொண்டார்கள். அவர் கோபித்துக்கொண்டு பேச மறுத்துவிட்டார். விளக்கும் வரவில்லை.

ஆனால் அவர் மேடைக்குக் கூட்டம் வந்தது, கொள்கைக்காக இல்லை. தளவாய்க்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. பேசிக்கொண்டே இருக்கும்போது யாரைச் சொல்கிறாரோ அவராகவே முகம் மாறிப் போவார். டீக்கடை காஜா மைதீன் டீ ஆற்றும்போது வாய் ஒருபக்கமாகக் கோணுவது, பூ விற்கிற வடிவு கடன்காரனைக் கண்டதும் மூக்கு விடைப்பது, கவுன்சிலர் பொய் சொல்லும்போது அவருடைய இடது புருவம் மட்டும் உண்மையைச் சொல்லத் துடிப்பது, எல்லாம் அந்த ஒரே முகத்தில் வந்து போகும். ஊர் விழுந்து விழுந்து சிரிக்கும். காட்டப்பட்டவர்கள் மட்டும் மறுநாள் வந்து சண்டை போடுவார்கள்.

மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து, சத்தம் கீச்சிடாமல் திருகைத் திருகிக்கொண்டிருப்பவள் அவர் மனைவி முப்பிடாதி. ஊர் சிரிக்காத இடத்தில் அவள் சிரிப்பாள். தளவாய் நெஞ்சை நிமிர்த்தி, "என் உடலில் கடைசிச் சொட்டு ரத்தம் இருக்கும் வரை" என்று தொடங்கும்போது பின்னாலிருந்து ஒரு விக்கல் மாதிரி கிளம்பி, தொண்டையில் ரெண்டு முட்டு முட்டி, பிறகு கொட்டி வைத்த பயறு சிதறுகிற மாதிரி ஒரு சிரிப்பு ஓடும். அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் தலைவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பார்க்கலாமா? வீட்டில் அவள் சிரித்தாலோ கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இப்படியே அவர்கள் கல்யாண வாழ்க்கை நரை கண்டுவிட்டது.

அப்போதுதான் அட்டை வந்தது. தேசிய அடையாள அட்டை, நாட்டில் மூச்சுவிடுகிற, வயது வந்த எல்லோரும் எடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ரேஷன் இல்லை, சிலிண்டர் இல்லை, நீ நீதான் என்பதற்கே ஆதாரம் இல்லை என்று தண்டோரா மாதிரி ஒரு ஆட்டோ சொல்லிக்கொண்டு போயிற்று. அந்த ஆட்டோவுக்கு மைக்செட் வாடகைக்கு விட்டது தளவாய்தான் என்பதை இங்கே சொல்லாமல் போனால் கதை பொய்யாகிவிடும். வாடகையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு அன்று சாயங்காலமே அட்டை எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கினார். தலைவர் அவர், செயலாளர் காஜா மைதீன், பொருளாளர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஞானதிரவியம். உறுப்பினர் என்று தனியாக யாரும் சேரவில்லை.

"என்னைய எனக்குத் தெரியும், என்னைய என் ஊருக்குத் தெரியும்" என்று முழங்கினார் தளவாய். "எங்கயோ இருக்க ஒரு மிஷினுக்கு நான் யாருன்னு ஏன் தெரியணும்? என் முகம் என் அப்பன் ஆத்தா குடுத்தது. அதுக்கு எவன்கிட்டயும் சீல் வாங்க மாட்டேன், வாங்குனா அது நம்ம முகமா இருக்காது!"

பின்னால் விக்கல் கேட்டது. அவர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டார்கள். வரிசையாக ஸ்டூலில் உட்கார வைத்து, "தாடையைத் தூக்குங்க, காதைக் காட்டுங்க, கண்ணை விரிங்க, சிரிக்காதீங்க, சிரிச்சா மிஷின் எடுக்காது" என்று சொல்லிச் சொல்லிப் படம் பிடித்தார்கள். ஆடி மாதக் காற்றில் மண்ணோடு மண்ணாக அட்டைகள் தபாலில் வந்து சேர்ந்தன. அட்டைப் படம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கூசுகிற வெளிச்சத்தில் திடுக்கிட்டு, செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளத் தயாராக இருக்கிற ஒரு கருத்த முகம். "இது நானா? என்னைய மாதிரியே இல்லியே" என்று ஊரே ஒருவருக்கொருவர் அட்டையைக் காட்டிச் சிரித்துக்கொண்டு படுக்கப் போனது.

விடிந்தபோது எல்லோரும் அட்டையை மாதிரியே இருந்தார்கள்.

பெரிதாக ஒன்றும் சத்தம் இல்லை. பல் விளக்கப் போனவர்கள் கண்ணாடியைப் பார்த்தார்கள், தாடை தூக்கியபடி, காது தெரிய, கண் விரிந்து, வாய் இறுகி, அட்டை முகம் பதிந்திருந்தது. தேய்த்துப் பார்த்தார்கள், மஞ்சள் போட்டுப் பார்த்தார்கள், பிறகு நேரமாகிவிட்டதால் வேலைக்குப் போய்விட்டார்கள். பேச வந்தது, சாப்பிட முடிந்தது, சிரிப்பும் அழுகையும் சத்தமாக வெளியே வந்தன. முகம் மட்டும் எதற்கும் அசையவில்லை. செல்போனில் இருந்த பழைய படங்களும் அன்றைக்கே அட்டை முகத்துக்கு மாறிக்கொண்டன, படம்தானே, எந்தப் பக்கம் காற்று அடிக்கிறதோ அந்தப் பக்கம் சாயும். கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்க்கலாம் என்றால், நம் ஆட்கள் கல்யாணப் படத்தில் என்றைக்குச் சிரித்திருக்கிறார்கள், அங்கேயும் அட்டைக்கு நிற்கிற மாதிரிதான் நின்றிருந்தார்கள், வித்தியாசமே தெரியவில்லை.

ஊர் பழகிக்கொண்டது. கல்யாண வீட்டு வாசலில் சந்தனக் கும்பாவோடு நின்ற பெண்கள், "வாங்க வாங்க, நாங்க சந்தோசமாத்தான் நிக்கோம்" என்று வாயால் சொல்லிக்கொண்டார்கள். சாவு வீட்டில் ஒப்பாரி கல்லைக் கரைத்தது, பாடுகிறவள் முகமோ கேமராவைப் பார்த்தபடி இருந்தது. சீட்டு விளையாடுகிறவர்கள் எதிராளியின் முகத்தில் ஒன்றும் தெரியாததால் விளையாட்டை விட்டுவிட்டுப் பிழைப்பைப் பார்த்தார்கள். சந்தையில் பேரம் செத்தது. எல்லா முகமும் ஒரே சாயலில் இருந்ததால் புருஷனைப் பெண்டாட்டிமார் இருமலை வைத்துக் கண்டுகொண்டார்கள், மாமியாரை மருமகள்கள் நடையை வைத்துத் தெரிந்து ஒதுங்கினார்கள். வங்கிக்காரர்களுக்கு மட்டும் பரம சந்தோஷம், அட்டையும் ஆளும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயிற்று.

முகம் மாறிய அன்றைக்குத் தளவாய்க்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சொன்னது பலித்திருந்தது. "நான் அன்னைக்கே சொன்னேன்லா!" என்று பொழுது விடிந்ததிலிருந்து மைக்கில் சொன்னார். மறுநாள் காலை செயற்குழுக் கூட்டத்துக்கு ஆளனுப்பினார். பொருளாளர் ஞானதிரவியம் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தார். தளவாய் துண்டை விலக்கினார். உள்ளே அட்டை முகம்.

"வேய், வாத்தியாரே!"

"பென்சன் நிப்பாட்டிருவாம்னு சொன்னாம் அண்ணாச்சி," என்றார் வாத்தியார். வெட்கப்படுகிறாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. "எதிர்ப்பத் தெரிவிச்சுக்கிட்டேதான் உக்காந்தேன். மனசுக்குள்ள."

அடுத்து காஜா மைதீன் வந்தான். டீக் கிளாஸை நீட்டினான். நீட்டியவன் முகமும் அதுதான். ஆக, ஊரில் சொந்த முகத்தோடு மிஞ்சியவர்கள் அட்டை வயது வராத குழந்தைகளும் தளவாயும்தான்.

வீட்டுக்குப் போனார். முப்பிடாதி முற்றத்தில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். அவள் முதல் நாள் முகாமிலேயே எடுத்துவிட்டிருந்தாள், ரேஷன் அரிசி வேண்டுமே. அட்டை முகத்தைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

"குடும்பத் தலைவருக்கு அட்டை இல்லன்னு சிலிண்டர நிப்பாட்டிட்டாங்க," என்றாள். "தலைவர்தான் நீங்க. அதனால விறகடுப்பு."

"இது கொள்கைட்டி," என்றார் தளவாய்.

விக்கல் மாதிரி கிளம்பியது, ரெண்டு முட்டு முட்டியது, பயறு சிதறியது. ஆனால் அந்தச் சிரிப்பு வந்த முகம், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளும் முகமாக அப்படியே இருந்தது. தளவாய் அன்றைக்குத்தான் முதல்தடவையாக, கோபித்துக்கொண்டு திரும்பாமல், அவள் சிரிக்கும்போது அவளைப் பார்த்தார். பார்க்க ஒன்றும் இல்லை.

கொஞ்ச நாளில் காஜா மைதீன் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான். தளவாய் மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டு இயக்கத்தில் திரும்பச் சேர வந்திருக்கிறான் என்று நினைத்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, பெருந்தன்மையாக மன்னிப்பதற்கு ரெண்டு வாக்கியம் மனசுக்குள் தயார் செய்தார்.

"அண்ணாச்சி, நான் டீ ஆத்தும்போது வாயக் கோணுவேன்னு மேடைல செஞ்சு காட்டுவீருல்லா?"

"அதுக்குத்தான் அன்னைக்கே சண்டைக்கு வந்தியே."

"ஒருதடவ காட்டும் அண்ணாச்சி. எனக்கு மறந்துக்கிட்டே வருது."

தளவாய் வாயை ஒருபக்கம் கோணினார், நாக்கைக் கன்னத்துக்குள் துருத்தினார், கண்ணை மேலே போகிற டீயோடு ஏற்றி, கீழே வருகிற டீயோடு இறக்கினார். காஜா அசையாத முகத்தோடு பார்த்துக்கொண்டே நின்றான், கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது. "அல்லாவே, இவ்வளவு கோணலா நான்," என்றான். "எம்புட்டு நல்லாருக்கு."

அதன்பிறகு ஊர் வரத் தொடங்கியது. சந்தைக்குப் போகிறவர்கள் போகிற வழியில் ஒரு எட்டு வந்து தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். கவுன்சிலர் சாயங்காலம் வந்து தன் புருவத்தைக் காட்டச் சொன்னார், அது அவ்வளவு துடிக்கும் என்று தெரிந்திருந்தால் அரசியலுக்கே வந்திருக்கமாட்டேன் என்றார். கைகழுவிவிட்டுப் போன வாத்தியாரும் வந்தார், அவர் வகுப்பில் வழி தப்பான கணக்குக்கு விடை சரியாக வந்தால் முழிக்கிற முழியைத் தளவாய் காட்டியதும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். தளவாய் ஒவ்வொருவரிடமும் அட்டை எதிர்ப்பின் அவசியத்தைச் சொல்லத் தொடங்குவார். "அது கெடக்கட்டும் அண்ணாச்சி, முகத்தக் காட்டும்" என்பார்கள்.

பூக்கார வடிவு தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு வயசுகூட ஆகவில்லை, அட்டை வந்த நாள் முதல் அம்மா முகத்தைக் கண்டால் அலறுகிறதாம். "அண்ணாச்சி, நான் கோவப்படுதது வேண்டாம். இவளக் கொஞ்சும்போது எப்படி இருப்பேன்னு தெரியுமா?" என்றாள். கொஞ்சுகிறதை மேடையில் அவர் காட்டியதில்லை, ஆனால் தினம் தெருவில் பார்த்ததுதான். முறுக்கு மீசைக்கு நடுவே உதட்டைக் குவித்து, மூக்கைச் சுருக்கி, புருவத்தை ரெண்டு தடவை தூக்கி இறக்கினார் தளவாய். குழந்தை அழுகையை நிறுத்தி, அவர் மீசையைப் பிடித்து இழுத்து, "ம்மா" என்றது. எத்தனையோ மேடை ஏறி எத்தனையோ பட்டம் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட மனிதருக்கு, அந்த ஒரு பட்டத்தைத் தாங்கமுடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று உள்ளே போய் அழுதுவிட்டு வந்தார்.

இதையெல்லாம் முப்பிடாதி முற்றத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் உலை வைத்துவிட்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் காட்டுதீக. என்னுது எங்க?"

தளவாய் சிரித்துக்கொண்டே முகத்தை எடுக்கப் போனார். கைக்கு அகப்படவில்லை. உதட்டை விரித்தார், கண்ணைச் சுருக்கினார்.

"இது வடிவு," என்றாள் முப்பிடாதி.

பல்லைக் காட்டிக் கன்னத்தை உப்பினார்.

"இது உங்க அக்கா."

எதையெதையோ செய்தார். ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு பெயர் சொன்னாள், எதுவும் அவள் பெயராக இல்லை. சிரிப்பின் சத்தம் அவருக்கு மனப்பாடம். எந்த இடத்தில் விக்கும், எந்த இடத்தில் சிதறும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். முகம்தான் தெரியாது. ஊர் முழுவதையும் உற்றுப் பார்த்த மனிதர், முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கவே இல்லை.

"பரவாயில்ல விடுங்க," என்று எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். புகை அவள் முகத்தில் நேராகப் போய் அடித்தது. ஒரு சுருக்கம் விழவில்லை. அவளுக்கு வலிக்கிறதா, கண் எரிகிறதா, புருஷன் மேல் வெறுத்துப்போயிற்றா, எதையும் அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. தளவாயால் அதைத் தாங்க முடியவில்லை. விட்டுப்போனவர்களுக்குக் கடைசி முகாம் என்று ஆட்டோ சொல்லிக்கொண்டு போனபோது, "நாளைக்குப் போயி எடுத்திருதேன்" என்றார். சிலிண்டருக்காக என்று சொல்லிக்கொண்டார். உண்மை அதுவல்ல. அவளுடைய முகத்தைக் காட்டமுடியாத முகம் தனக்கெதற்கு என்று தோன்றிவிட்டது.

முப்பிடாதி கரண்டியைக் கீழே வைத்தாள். "எடுத்துட்டா ஊர்க்காரங்க முகமெல்லாம் போயிருமே," என்றாள். "அந்தப் பச்சப்புள்ளைக்கு யாரு காட்டுவா?"

அவர் போய் வெள்ளைச் சட்டையைத் தேடி எடுத்துக் கொடியில் போட்டார்.

மறுநாள் ஊரே கல்யாண மண்டபத்துக்கு வந்தது. எடுக்காதே என்று யாரும் சொல்லவில்லை, சொல்லுகிற யோக்கியதை தங்களுக்கு இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வடிவு மட்டும் குழந்தையைத் தூக்கிக் காட்டி, "அண்ணாச்சி, கடைசியா ஒருதடவ" என்றாள். ஒருதடவை காட்டினார். பிறகு வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டு, மீசையை முறுக்கி, ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். சரணடைவதற்கும் ஒரு உரை தயார் செய்து வைத்திருந்தார். "இது தோல்வி அல்ல," என்று தொடங்கினார்.

"சார், பேசாதீங்க. தாடையைத் தூக்குங்க. இந்த ஸ்கிரீன்ல உங்களையே பாருங்க," என்றான் முகாம்காரப் பையன். அவனுக்கும் அட்டை முகம்தான். "சிரிக்காதீங்க."

தளவாய் திரையைப் பார்த்தார். ஊரில் உள்ள அத்தனை பேரையும் பார்த்து வைத்திருந்தவர், தன்னைப் பார்த்தது இல்லை. மேடையில் நிற்கும்போது தான் ஒரு சிங்கம் என்று நினைத்திருந்தார். திரையில் இருந்தவரோ, தலைச்சாயம் வியர்வையில் கரைந்து காதோரம் கோடாக வழிய, மீசையின் ஒரு முனை மேலேயும் ஒரு முனை கீழேயும் இருக்க, கோயில் கொடைக்கு வெட்டக் கொண்டுவந்த கிடா, கழுத்து மாலையை மரியாதை என்று நினைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி, தாடையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவரா நாற்கரச் சாலையை நிறுத்தப் போனவர்? இவரா கடைசிச் சொட்டு ரத்தம்?

தொண்டையில் ஒரு விக்கல் கிளம்பியது. அடக்கினார். ரெண்டு முட்டு முட்டியது. அடக்கமுடியவில்லை. பயறு சிதறியது, அந்தச் சத்தத்துக்குப் பின்னாலேயே முகம் தானாகக் கிளம்பி வந்தது, முதலில் இடது கண் மூடிக்கொண்டது, மூக்கு மேலே ஏறியது, கீழுதட்டைப் பல் கவ்வியது, கவ்வியும் நிற்காமல் கன்னம் ரெண்டும் குழிந்து, தாடை நடுங்கியது. முப்பிடாதி வாசல் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஏங்க, நிப்பாட்டாதீக!" என்று கத்தினாள். "அதுதான். அது என் சிரிப்பு!"

இத்தனை வருஷமும் மேடைக்குப் பின்னாலிருந்து அவள் எதைப் பார்த்துச் சிரித்தாளோ, அதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் அந்தச் சிரிப்புதான் வரும். வேறு வராது.

"சார், சிரிக்காதீங்க சார், மிஷின் எடுக்கல," என்றான் பையன். தளவாய் நிறுத்திக்கொண்டு, மீசையைச் சரிசெய்து, தாடையைத் தூக்கினார். திரையில் கிடா தாடையைத் தூக்கியது. மறுபடி விக்கல். காஜா சத்தமாகச் சிரித்தான், வாத்தியார் சிரித்தார், முகம் அசையாத ஒரு மண்டபமே சத்தத்தால் அதிர்ந்தது. வெளிச்சம் திரும்பத் திரும்ப மின்னியது, முகம் ஏற்கப்படவில்லை, முகம் ஏற்கப்படவில்லை என்று மிஷின் சொல்லிக்கொண்டே இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பையன் மிஷினை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து குனிந்தான். "சார், எனக்குப் பக்கத்து ஊருதான். நீங்க என்னையப் பாத்ததில்ல. ஆனா எங்க அப்பா உங்க கூட்டத்துக்கு வந்திருப்பாரு, காதுல சிவப்புக் கல்லு கடுக்கன் போட்டிருப்பாரு. அவர மாதிரியே இருக்கேன்னு சொல்லுவாங்க," என்றான்.

இப்படியாகத் தளவாய் கடைசிவரை அட்டை எடுக்கவில்லை. கொள்கைக்காக என்று மேடையில் சொல்லிக்கொள்வார், சிரிப்பை அடக்கத் தெரியாமல் என்று ஊருக்குத் தெரியும். சிலிண்டர் வரவே இல்லை. இப்போதெல்லாம் அவர் ஆம்ப்ளிஃபையர் பெட்டிப் பக்கம் ஸ்டூலில் இருக்கிற முப்பிடாதியைப் பார்த்து நின்று, கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி பேசுகிறார், கூட்டமும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

சாயங்காலம் விறகடுப்பை அவர்தான் ஊதிப் பற்றவைக்கிறார். மீசையில் கரி ஒட்டும், துண்டு நுனியில் பொறி விழும், "இந்த அரசாங்கத்தை" என்று இருமிக்கொண்டே தொடங்குவார். முப்பிடாதி குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் உட்காருவாள். "கொஞ்சம் ஆடாம சிரிங்க," என்பாள். அவர் தன்னை நினைத்துச் சிரிப்பார், இடது கண் மூடிக்கொள்ளும், அவள் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே தன் நெற்றியில் பொட்டு வைத்துக்கொள்வாள்.